தளங்கள் உங்களைத் தேடி வரட்டும்: செய்தியோடையை அமைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் சில வாரங்களில் தவறாமல் செய்யும் ஒரு வேலை உண்டு. பிடித்த இணைய தளங்களைக் கண்டுபிடித்து பிரவுசரில் புக்மார்க் செய்து வைப்பதுதான் அது. சமையல் குறிப்புக்கு ஒரு தளம், செய்திக்கு இரண்டு, ஜோதிடத்திற்கு ஒன்று, பிள்ளைகளின் படிப்பிற்கு நான்கு என ஒரே மாதத்தில் பட்டியல் முப்பதைத் தாண்டிவிடும்.

சிக்கல் அதன் பின்னர்தான் தொடங்குகிறது. புக்மார்க் என்பது வெறும் முகவரி. அந்தத் தளத்தில் புதிதாக ஏதேனும் வந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. நாமே ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும். ரேஷன் கடைக்குச் சர்க்கரை வந்துவிட்டதா என்று தினமும் கடை வாசல் வரை நடந்து போய், "இன்னும் லோடு வரலைங்க" என்ற பதிலோடு திரும்புவதைப் போன்றது இது.

எத்தனை நாள் நடப்போம்? நாளடைவில், தினமும் புதுச்சரக்கு போடும் நான்கைந்து தளங்களை மட்டும் பார்ப்போம். மூன்று மாதத்திற்கு ஒரு முறை மட்டும் நல்ல கட்டுரை ஒன்றை வெளியிடும் தளத்தை, நான்கு முறை போய் ஏமாந்த பின் மறந்தே விடுவோம். வேறு சிலர், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்புவதையும் பேஸ்புக் காட்டுவதையும் மட்டும் படிக்கும் பழக்கத்திற்கு வந்துவிடுகிறார்கள். அங்கே எது நம் கண்ணில் பட வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை.

இதற்கான தீர்வு 1999ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன் பெயர் ஆர்.எஸ்.எஸ். தமிழில் செய்தியோடை என்று சொல்கிறோம். இன்றும் லட்சக்கணக்கான தளங்களில் இது இருக்கிறது. கட்டணம் இல்லை. விளம்பரப்படுத்த யாரும் இல்லாததால்தான் பலருக்குத் தெரிவதில்லை என்பது என் எண்ணம்.

செய்தியோடை என்பது என்ன?

ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால் படங்கள், மெனுக்கள், விளம்பரங்கள், ஓடும் எழுத்துகள் எனப் பலவும் கிடைக்கின்றன. அதே தளம், இந்த அலங்காரங்கள் எதுவும் இல்லாத இன்னொரு சிறிய பைலையும் தன் சர்வரில் வைத்திருக்கும். எக்ஸ்.எம்.எல். என்னும் வகையில் எழுதப்பட்ட இந்த பைல்தான் செய்தியோடை. அத்தளத்தில் அண்மையில் வெளியானவற்றின் தலைப்பு, சில வரிகளில் சுருக்கம், வெளியான நாள், நேரம், முழுக் கட்டுரைக்கான லிங்க் ஆகியவை இதில் வரிசையாக இருக்கும். சில தளங்கள் முழுக் கட்டுரையையும் இதிலேயே தந்துவிடுவதுண்டு. புதிதாக ஒன்று வெளியானால் அது பட்டியலில் சேரும். மிகப் பழையது கழன்றுவிடும்.

இந்த பைலை நாம் நேரடியாகத் திறந்து படிக்கத் தேவையில்லை. திறந்தாலும் கோணல் அடைப்புக் குறிகளாகத்தான் தெரியும், பயந்துவிட வேண்டாம். இதைப் படித்துக் காட்டுவதற்கென்றே உள்ள புரோகிராமிற்கு பீட் ரீடர் என்று பெயர். உங்களுக்குப் பிடித்த தளங்களின் செய்தியோடை முகவரிகளை ஒரு முறை இதில் கொடுத்துவிட்டால் போதும். குறிப்பிட்ட இடைவெளியில் ரீடரே ஒவ்வொரு தளத்திற்கும் போய்ப் பார்த்து, புதியவற்றை மட்டும் எடுத்து வந்து, மெயில் இன்பாக்ஸ் போல அடுக்கி வைக்கும்.

"ஐம்பது தளங்களை ஒரு மணி நேரத்திற்கு ஒரு முறை போய்ப் பார்த்தால் டேட்டா தீர்ந்துவிடாதா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தீராது. ரீடர் ஒவ்வொரு முறையும் முழு பைலையும் கேட்பதில்லை. "நான் கடைசியாக வந்து போன பின்னர் இதில் ஏதாவது மாறியிருக்கிறதா?" என்றுதான் கேட்கும். மாறவில்லை என்றால் 304 என்ற எண்ணை மட்டும் சர்வர் பதிலாகத் தரும், பைல் வராது. மாற்றம் இருந்தால் மட்டுமே பைல் இறங்கும். எல்லாத் தளங்களும் இந்த முறையை ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை. ஆனாலும், படங்கள் நிறைந்த ஒரு முகப்புப் பக்கத்தைத் திறப்பதை விட எழுத்துகள் மட்டும் உள்ள இந்த பைல் மிகச் சிறியதே.

இன்னொரு நன்மையும் உண்டு. இதில் உங்கள் மெயில் முகவரியை எந்தத் தளத்திற்கும் தர வேண்டியதில்லை. செய்தி மடலுக்கு மெயில் முகவரி தந்துவிட்டு, பின்னர் வேண்டாத விளம்பர மெயில்களில் தவிப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒரு தளம் வேண்டாம் என்று தோன்றினால் பட்டியலில் இருந்து அழித்துவிடலாம். "ஏன் போகிறீர்கள்?" என்று யாரும் கேட்கப் போவதில்லை.

சென்னையில் படித்தவரின் கைவண்ணம்

1999 மார்ச் மாதம், நெட்ஸ்கேப் நிறுவனம் தன் மை நெட்ஸ்கேப் தளத்திற்காக இதை உருவாக்கியது. பிற தளங்களின் தலைப்புச் செய்திகளை ஒரே பக்கத்தில் கொண்டு வருவதுதான் நோக்கம். உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர்கள் இருவர். ஒருவர் டேன் லிப்பி. மற்றவர் ராமநாதன் குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். மெக்கானிக்கல் மாணவர்களைப் பார்த்து "உனக்கெல்லாம் எதுக்குக் கம்ப்யூட்டர்?" என்று கேட்கும் மாமாக்களிடம் சொல்ல இது வசதியான பெயர்.

அதன் பின்னர் நடந்தது ஒரு குடும்பச் சண்டை. 2000 டிசம்பரில் ஒரு குழு ஆர்.எஸ்.எஸ். 1.0 என்று ஒன்றை வெளியிட்டது. அதோடு ஒத்துப் போகாத டேவ் வைனர், 2002இல் ஆர்.எஸ்.எஸ். 2.0 என்று வேறொன்றை வெளியிட்டார். இரண்டும் வேண்டாம் என்று மூன்றாவதாக ஒரு குழு கிளம்பி, 2005 டிசம்பரில் ஆட்டம் என்ற வடிவத்தைத் தரப்படுத்தியது. இந்த ஆட்டம் ஆடுகிற ஆட்டம் அல்ல. அணு என்று பொருள். இந்தச் சண்டையின் விவரம் உங்களுக்குத் தேவையில்லை. எல்லா ரீடர்களும் எல்லா வடிவங்களையும் படிக்கும். ஒரு தளத்தில் ஆர்.எஸ்.எஸ்., ஆட்டம் என இரண்டு லிங்க்குகள் இருந்தால் ஏதேனும் ஒன்றை எடுத்துக் கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு செய்தியும் இரண்டு முறை வரும்.

போட்காஸ்ட் கேட்கும் பழக்கம் உள்ளவரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்குத் தெரியாமலேயே இதைப் பயன்படுத்தி வருகிறீர்கள். செய்தியோடையில் ஓர் ஆடியோ பைலின் லிங்க்கையும் சேர்த்து அனுப்பும் வசதியில் இருந்துதான் போட்காஸ்ட் பிறந்தது.

ரீடரை அமைக்கலாமா?

ரீடர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, நம் கம்ப்யூட்டரிலேயே பதிந்து இயக்குவது. இரண்டாவது, பீட்லி, இனோரீடர் போன்று பிரவுசர் வழியே ஒரு தளத்தில் கணக்கு தொடங்கிப் பயன்படுத்துவது. கம்ப்யூட்டர், மொபைல் என இரண்டிலும் மாறி மாறிப் படிப்பவர்களுக்கு இரண்டாவது வகை வசதி. எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்பது இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கும். வீட்டில் ஒரே கம்ப்யூட்டரில் படிப்பவர்களுக்கு நான் சொல்வது முதல் வகையைத்தான். கணக்கு, பாஸ்வேர்ட் எதுவும் வேண்டாம்; நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்ற பட்டியல் உங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கும்.

இதற்கு நான் பரிந்துரைப்பது தண்டர்பேர்ட். மெயில் பார்ப்பதற்கான இலவச புரோகிராம் இது. 2004 டிசம்பரில் வெளியான முதல் பதிப்பிலேயே செய்தியோடை படிக்கும் வசதி இருந்தது; இன்றும் தொடர்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இதை அதன் தளத்தில் இருந்து மட்டும் டவுண்லோட் செய்து பதிந்து கொள்ளவும். திறந்தவுடன் மெயில் கணக்கு விவரம் கேட்கும். மெயில் வேண்டாம் என்றால் அதைக் கேன்சல் செய்துவிடலாம்.

இனி, விண்டோஸில் ஆல்ட் கீயை ஒரு முறை தட்டவும். மேலே மெனு வரிசை தோன்றும். அதில் பைல், நியூ, பீட் அக்கவுண்ட் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்கவும். கணக்கிற்கு ஒரு பெயர் கேட்கும். தமிழிலேயே தரலாம். நான் "வாசிப்பு" என்று வைத்திருக்கிறேன். நெக்ஸ்ட், பினிஷ் அழுத்தினால் இடது பக்கம் அந்தப் பெயரில் ஒரு பிரிவு உருவாகி இருக்கும். அதன் மீது ரைட் கிளிக் செய்து, சப்ஸ்கிரைப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு விண்டோ கிடைக்கும். செய்தியோடையின் முகவரியை அதற்கான கட்டத்தில் பேஸ்ட் செய்து, ஆட் பட்டனை அழுத்தவும். அவ்வளவுதான். சில விநாடிகளில் தலைப்புகள் இறங்கிவிடும். பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் தோற்றம் சற்றே மாறலாம்; சொற்கள் பெரும்பாலும் இவையே.

அதே விண்டோவில் சுருக்கத்தை மட்டும் காட்டு என்று பொருள்படும் ஒரு டிக் பெட்டி இருக்கும். இதைத் தேர்வு செய்து வைக்கச் சொல்வேன். இல்லையென்றால் ஒவ்வொரு தலைப்பைத் தொடும்போதும் முழு இணையப் பக்கமும் விளம்பரங்களோடு திறக்கும். அதைத் தவிர்க்கத்தானே இவ்வளவும்.

முகவரி எங்கே இருக்கிறது?

புதியவர்கள் பெரும்பாலும் நின்றுவிடும் இடம் இதுதான். எனவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

2000களின் நடுவில் எல்லாத் தளங்களிலும் ஆரஞ்சு நிறச் சதுரத்தில், ஒரு புள்ளியும் இரண்டு வளைவுகளும் கொண்ட ஐகான் இருக்கும். பயர்பாக்ஸ் பிரவுசருக்காக உருவான அந்த ஐகானை 2005இல் மைக்ரோசாப்ட் நிறுவனமும் ஏற்றுக் கொண்டது. பிரவுசரின் முகவரிக் கட்டத்திலேயே அது தெரியும். ஒரு கிளிக் போதும். பின்னர் பிரவுசர்கள் ஒவ்வொன்றாக இந்த வசதியைக் கைவிட்டன. பயர்பாக்ஸ் 2018 டிசம்பரில் கைவிட்டது. இப்போதும் விவால்டி பிரவுசரில் இந்த ஐகானும், உள்ளேயே ஒரு ரீடரும் உண்டு.

உங்கள் பிரவுசரில் இல்லை என்றால் முதலில் தளத்தின் அடிப்பகுதிக்குச் சென்று பாருங்கள். ஆர்.எஸ்.எஸ். என்ற மூன்று எழுத்துகளோ ஆரஞ்சு ஐகானோ அங்கே ஒளிந்திருக்கலாம். அதன் மீது ரைட் கிளிக் செய்து லிங்க்கை காப்பி செய்திடவும்.

அங்கும் இல்லை என்றால் ஒரு சின்ன வேலை. உலகின் மிகப் பல தளங்கள் வேர்ட்பிரஸ் என்னும் சாப்ட்வேரில்தான் இயங்குகின்றன. அவற்றின் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு, எப், இ, இ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து என்டர் தட்டினால் செய்தியோடை கிடைக்கும். தளத்தில் ஐகான் இல்லாவிட்டாலும் இது பெரும்பாலும் இயங்கும்; தளம் நடத்துபவருக்கே தெரியாமல் அது அங்கே இருக்கும்!

இதுவும் சரிவரவில்லை என்றால், பக்கத்தைத் திறந்து வைத்துக் கொண்டு கண்ட்ரோல் கீயுடன் யு கீயை அழுத்தவும். பக்கத்தின் மூல வரிகள் தெரியும். கண்ட்ரோல் எப் அழுத்தி, ஆர்.எஸ்.எஸ். என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகளைத் தரவும். கிடைக்காவிட்டால் ஆட்டம் என்பதற்கான சொல்லைத் தேடவும். அந்த வரியிலேயே மேற்கோள் குறிகளுக்குள் முகவரி இருக்கும். பீட்லி, இனோரீடர் பயன்படுத்துபவர்களுக்கு இந்தச் சிரமம் பெரும்பாலும் இல்லை. தளத்தின் முகப்பு முகவரியைத் தந்தாலே அவை தேடிக் கண்டுபிடித்துவிடும்.

எதைப் பின்தொடர்வது?

பலரும் முதலில் சேர்ப்பது செய்தித் தளங்களை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு செய்தித் தளத்தின் முழு ஓடையைச் சேர்த்தால் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட தலைப்புகள் கொட்டும். மற்ற தளங்களின் கட்டுரைகள் அதில் மூழ்கிவிடும். தினமும் தவறாமல் எழுதும் தளத்தை நாமே தினமும் போய்ப் பார்த்துக் கொள்ளலாம். எப்போதாவது எழுதும் தளங்களுக்குத்தான் செய்தியோடை தேவை. செய்தித் தளம் வேண்டும் என்றால் பிரிவு பார்த்துச் சேருங்கள். தி இந்து ஆங்கில நாளிதழ் ஊர் வாரியாகவும் துறை வாரியாகவும் தனித்தனி ஓடைகள் தருகிறது. மதுரைக்காரர் மதுரைச் செய்தியை மட்டும் எடுத்துக் கொள்ளலாம்.

ரிசர்வ் வங்கியின் ஓடையை எல்லா வீட்டிலும் சேர்த்து வைக்கச் சொல்வேன். இது விளையாட்டாகச் சொல்வது அல்ல. 2023 மே 19 அன்று 2,000 ரூபாய் நோட்டுகளைப் புழக்கத்தில் இருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. அன்று இரவே மொபைல்களில் பல விதமான தகவல்கள் சுற்றத் தொடங்கின. நோட்டு செல்லாது என்றார்கள். 2016 நினைவில் இருந்தவர்கள் பதறினார்கள். ஆனால் அறிவிப்பிலேயே தெளிவாக இருந்தது: நோட்டுகள் சட்டப்படி செல்லும், மே 23 முதல் ஒரு நேரத்தில் 20,000 ரூபாய் வரை வங்கிகளில் மாற்றிக் கொள்ளலாம், செப்டம்பர் 30 வரை அவகாசம். அந்தக் கடைசி நாளன்று அவகாசம் அக்டோபர் 7 வரை நீட்டிக்கப்பட்டதும் அதே போல் ஓர் அறிவிப்பாகத்தான் வந்தது. ரிசர்வ் வங்கி தன் பத்திரிகைக் குறிப்புகளையும் வங்கிகளுக்கான சுற்றறிக்கைகளையும் செய்தியோடையாகத் தருகிறது. அதை ரீடரில் வைத்திருந்தவர், யாரும் இடையில் நின்று சொல்லாமல், மூலத்தையே படித்திருப்பார். அன்றாடம் வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை கடன் பத்திர ஏலம் போன்று நமக்குத் தேவையில்லாதவை. தலைப்பைப் பார்த்துக் கடந்துவிடலாம். ஒரு நிமிடம் கூட ஆகாது.

இன்னொன்று, உங்கள் ஊர். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊருக்கு ஒரு பக்கம் பெரும்பாலும் இருக்கும். யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம் என்பது அதன் பலம். சில சமயம் தொல்லை. அந்தப் பக்கத்தின் வரலாறு என்ற பகுதிக்குச் சென்றால், கருவிகள் பட்டியலில் ஆட்டம் ஓடைக்கான லிங்க் கிடைக்கும். அதை ரீடரில் சேர்த்துவிட்டால், யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் என்ன மாற்றினார்கள் என்பது உங்களுக்கு வந்துவிடும். எங்கள் ஊர்ப் பக்கத்தை நான் இப்படித்தான் கவனித்து வருகிறேன். ஊர்க் கோவிலின் காலத்தை யாரோ ஒருவர் ஆதாரம் எதுவும் தராமல் ஐந்நூறு ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியிருந்தார். மறுநாள் காலையிலேயே பழைய நிலைக்குக் கொண்டு வர முடிந்தது.

யுடியூப் சேனல்களுக்கும் செய்தியோடை உண்டு. ஒவ்வொரு சேனலின் அண்மைய 15 வீடியோக்களின் தலைப்புகள் அதில் இருக்கும். இனோரீடர் போன்றவற்றில் சேனலின் முகவரியைத் தந்தாலே போதும். பிள்ளைகள் பாடம் பார்க்க வேண்டிய இரண்டு சேனல்களை மட்டும் இப்படிச் சேர்த்து வைத்தால், யுடியூப் முகப்புக்குப் போய், பாடத்தை விட்டுவிட்டுச் சினிமா டிரைலர் பார்த்துக் கொண்டிருப்பது குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன். நிற்கும் என்று சொல்லவில்லை.

பெரியப்பாவின் நீள நோட்டு

என் பெரியப்பா ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். அறுபத்தெட்டு வயதில் லேப்டாப் வாங்கினார். பிடித்த தளங்களின் முகவரிகளை, பால் கணக்கு எழுதும் நீள அட்டை நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்து, ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்து டைப் செய்து கொண்டிருந்தார். ரீடர் ஒன்றை அமைத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"நீ என்ன வேணும்னாலும் போட்டுக் குடுப்பா. ஆனா இன்னொரு பாஸ்வேர்ட் மட்டும் வேண்டாம். இருக்கிற ஆறே எனக்கு மறந்து போவுது."

"இதுக்குப் பாஸ்வேர்டே கிடையாது பெரியப்பா."

"பாஸ்வேர்ட் இல்லாம யாருடா சும்மா குடுக்கறான்?" என்றார். அவர் சந்தேகம் நியாயமானதே.

நோட்டில் இருந்த முகவரிகள் பதினான்கு. இரண்டு தளங்கள் மூடப்பட்டுப் போயிருந்தன. இரண்டில் செய்தியோடை இல்லை. மீதம் பத்தையும் தண்டர்பேர்டில் சேர்த்துக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. அவற்றில் ஒன்று, பழந்தமிழ் அளவைகள் பற்றி ஒருவர் தனியாக எழுதி வந்த தளம். முந்திரி, காணி, மா என்று பின்னங்களைப் பற்றிய கட்டுரைகள். ஏழு மாதமாக அதில் எதுவும் புதிதாக வரவில்லை. "அவரு எழுதறத நிறுத்திட்டாரு போல. பாவம், உடம்புக்கு என்னவோ" என்று அதை நோட்டில் பென்சிலால் அடித்து வைத்திருந்தார் பெரியப்பா. வைத்திருப்பதால் நமக்கு எந்தச் செலவும் இல்லை என்று சொல்லி அதையும் சேர்த்தேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு நாள் இரவு பத்து மணிக்கு போன். அந்த நேரத்தில் பெரியப்பா அழைப்பவர் அல்ல. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி எடுத்தேன். "வந்திருச்சுப்பா! மனுஷன் இருக்காரு!" என்றார். புதிய கட்டுரையின் தலைப்பு தடித்த எழுத்தில் ரீடரில் வந்து நின்றிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, ஒரு கணக்கில் சிறு ஐயம் இருப்பதாக அந்த ஆசிரியருக்கு மெயிலும் அனுப்பிவிட்டார். இருவரும் இப்போது மெயிலில் பேசிக் கொள்கிறார்கள்.

சில சங்கடங்கள்

எல்லாத் தளங்களும் செய்தியோடை தருவதில்லை. ட்விட்டர் ஒரு காலத்தில் தந்து கொண்டிருந்தது. 2013 ஜூனில் நிறுத்திவிட்டது. தேர்வு அறிவிப்புகள் வெளியாகும் பல அரசுத் தளங்களிலும் இது இல்லாதது பெரிய குறை. அறிவிப்பைத் தவறவிட்டால் ஓராண்டு போய்விடும் என்ற நிலையில் உள்ள மாணவர்களுக்குத்தான் இது மிகவும் தேவை. அத்தகைய தளங்களை இன்றும் நடந்து போய்த்தான் பார்த்து வர வேண்டியிருக்கிறது. எனவே ரீடர் வந்துவிட்டது என்று புக்மார்க்குகளை எல்லாம் அழித்துவிட வேண்டாம். ஓடை இல்லாத தளங்களை மட்டும் தனி போல்டரில் வைத்து, வாரத்தில் ஒரு நாள் பார்த்துக் கொள்ளுங்கள்.

சில தளங்கள் தலைப்பையும் ஒரே ஒரு வரியையும் மட்டும் தரும். நீங்கள் தளத்திற்கு வந்து விளம்பரங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. அது அவர்கள் பிழைப்பு. குறை சொல்ல முடியாது.

படிக்காதவற்றின் எண்ணிக்கை 300, 400 என்று ஏறி நிற்பதும் புதியவர்களைக் கலங்க வைக்கும். அது யாருக்கும் நீங்கள் பட்ட கடன் அல்ல. போல்டரில் ரைட் கிளிக் செய்து, எல்லாவற்றையும் படித்ததாகக் குறிக்கும் கட்டளையைத் தந்துவிட்டு நிம்மதியாக இருங்கள். அதே தளம் தொடர்ந்து அப்படிச் செய்ய வைக்கிறது என்றால் அதை நீக்கிவிடலாம். தொடக்கத்தில் பத்து தளங்கள் போதும். என்னிடம் இப்போது 62 இருக்கின்றன. அவற்றில் பாதி, நாங்கள் அலுவலகத்தில் பயன்படுத்தும் சாப்ட்வேர்களின் புதிய பதிப்புகளும் பாதுகாப்பு எச்சரிக்கைகளும் வருபவை. மொத்தமாகப் பார்த்தாலும் காலையில் காபி குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

பட்டியல் உங்கள் கையில்

கூகுள் ரீடர் என்று ஒன்று இருந்தது. 2005 அக்டோபரில் தொடங்கி, இத்துறையில் மற்ற எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிய இலவசச் சேவை. 2013 மார்ச் 13 அன்று, இதை மூடப் போகிறோம் என்று கூகுள் அறிவித்தது. ஜூலை 1 அன்று மூடியும் விட்டது. ஆர்.எஸ்.எஸ். கதை இத்துடன் முடிந்தது என்று பலரும் எழுதினார்கள்.

அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் கூகுள் ரீடரில் இருந்து தன்னிடம் வந்து சேர்ந்ததாக பீட்லி அறிவித்தது. வந்தவர்கள் நூற்றுக்கணக்கான தளங்களின் முகவரிகளை மறுபடியும் டைப் செய்து கொண்டிருக்கவில்லை. தங்கள் பட்டியலை அப்படியே எடுத்துச் சென்றார்கள். காரணம், செய்தியோடைப் பட்டியலை எழுதி வைப்பதற்கென்று ஓ.பி.எம்.எல். என்னும் பொதுவான பைல் வகை இருக்கிறது. எந்த ரீடரும் இந்த பைலாகப் பட்டியலைத் தரும். வேறு எந்த ரீடரும் அதை வாங்கிக் கொள்ளும். பேஸ்புக்கில் நீங்கள் பின்தொடரும் பக்கங்களை இப்படி ஒரு பைலில் எடுத்துக் கொண்டு வேறொரு நிறுவனத்தின் தளத்தில் போய் இறக்க முடியுமா? முடியாது.

எனவே ரீடரை அமைத்த அன்றே இதைச் செய்துவிடவும். தண்டர்பேர்டில், தளங்களைச் சேர்த்த அதே சப்ஸ்கிரைப் விண்டோவின் கீழ்ப்பகுதியில் எக்ஸ்போர்ட் பட்டன் இருக்கும். அதை அழுத்தி, பைலுக்கு நாளைக் குறிப்பிட்டு ஒரு பெயர் தந்து, பென் டிரைவில் ஒரு காப்பி, உங்களுக்கே மெயிலில் ஒரு காப்பி என வைத்துக் கொள்ளவும். பட்டியல் சில கேபி அளவுதான் வரும். பின்னர் மொபைலிலும் படிக்க விரும்பினால், ஆண்ட்ராய்டில் பீடர், ஐபோனில் நெட்நியூஸ்வயர் ஆகிய இலவச ரீடர்கள் இருக்கின்றன. இம்போர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பைலைக் காட்டினால், தளங்கள் அனைத்தும் ஒரே நொடியில் அங்கும் வந்துவிடும். புதிதாக நான்கைந்து தளங்கள் சேரும்போதெல்லாம் மறுபடியும் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து, பழைய பைலை அழித்துவிடலாம். பெரியப்பா மட்டும் பென் டிரைவை நம்பவில்லை. சேர்க்கும் ஒவ்வொரு முகவரியையும் இன்றும் அந்த நீள நோட்டில் எழுதித்தான் வைக்கிறார்.